பெடல் ஸ்டீல் கிதாருக்கு எந்த ஆம்ப்ளிஃபையர்? – சில எண்ணங்கள்

பெடல் ஸ்டீல் கிதார் என்னும் வாத்தியத்தின் பெயரை அறியாத இசை ரசிகர்கள்கூட அதன் ஒலியை எங்கேனும் கேட்டிருப்பார்கள். பாப் டிலனின் 1969ஆம் ஆண்டு இசைத்தட்டான 'நாஷ்வில் ஸ்கைலைன்' தொகுப்பில், 'லே லேடி லே' பாடலின் பின்னணியில், குரலுக்கு இடம் விட்டு ஒதுங்கி, அழுவது போலவும் ஆறுதல் சொல்வது போலவும் வழுக்கிச் செல்லும் அந்த இழை பீட் டிரேக் வாசித்த பெடல் ஸ்டீல்தான். மறு ஆண்டில் வெளியான ஜார்ஜ் ஹாரிசனின் 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' தொகுப்பிலும் அவரே வாசித்தார். அந்த ஒலியில் மயங்கி வாத்தியத்தையே கற்கத் துணிபவர்கள் முதலில் சந்திக்கும் சிக்கல் பெடல்களோ தந்திகளோ அல்ல. எந்த ஆம்ப்ளிஃபையரை வாங்குவது என்பதே.

ஆம்ப்ளிஃபையர் என்றதும், அது மின்சாதனக் கடைக்காரரின் விவகாரம், ரசனைக்கு அதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நாம் அப்படி எண்ணவில்லை. வீணையின் குடத்தை யாரும் தொழில்நுட்பச் சமாச்சாரம் என்று ஒதுக்கிவைப்பதில்லை. பெடல் ஸ்டீலுக்குக் குடம் கிடையாது. கால்கள் பொருத்திய ஒரு சட்டத்தின்மேல் தந்திகள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான். மின்சாரம் இல்லாமல் வாசித்தால் அடுத்த அறைக்குக்கூடக் கேட்காது. ஆகவே ஆம்ப்ளிஃபையரும் அதன் ஸ்பீக்கருமே இந்த வாத்தியத்தின் குடம். அதைத் தேர்ந்தெடுப்பது வாத்தியத்தின் பாதியைத் தேர்ந்தெடுப்பதாகும்.

இந்தத் தேர்வில் இன்று கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை சாதாரண எலக்ட்ரிக் கிதாரின் உலகத்திலிருந்து இரவல் வாங்கப்பட்டவை. அந்த உலகத்தின் மதிப்பீடுகளைக் கொண்டு பெடல் ஸ்டீலுக்கு ஆம்ப்ளிஃபையர் தேடுவது, அந்த வாத்தியத்துக்கே உரிய ஓர் அழகை வாங்கும்போதே பறிகொடுப்பதாகும் என்பது நம் கருத்து. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

வாத்தியத்தின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஹவாய்த் தீவுகளில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிதாரை மடியில் கிடத்தி, தந்திகளின்மேல் எஃகுத் தண்டை வழுக்கி வாசிக்கும் முறை தோன்றியது. ஜோசப் கெகுகு என்பவரை இதன் மூலவர் என்பார்கள். தண்டை வழுக்கிச் சுரத்திலிருந்து சுரத்துக்கு இடைவெளியின்றிச் செல்லும் இந்த முறை, கோட்டுவாத்தியம் கேட்டுப் பழகிய நமக்கு அந்நியமானதன்று. 1932இல் விற்பனைக்கு வந்து, வாணலி வடிவத்தால் 'ஃபிரையிங் பேன்' என்று பெயர் பெற்ற ரிக்கன்பேக்கர் கிதார், வணிகரீதியில் முதன்முதலாக வெற்றி பெற்ற எலக்ட்ரிக் கிதார் எனக் கருதப்படுகிறது. அதுவும் மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிதார்தான். பின்னர், மிதிகளை அழுத்தித் தந்தியின் சுருதியை ஏற்றும் உபாயம் சேர்ந்தது. 1954இல் வெளிவந்த வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாடலில் பட் ஐசக்ஸ் அதைக் காட்டியபோது, ஒரு தந்தி அசையாது நிற்க இன்னொரு தந்தி அதன் அருகிலேயே ஏறிச் செல்லும் ஒலியைக் கேட்டு மற்ற ஸ்டீல் கலைஞர்கள் தங்கள் வாத்தியங்களை மாற்றிக்கட்டத் தொடங்கினார்கள்.

இன்றைய பெடல் ஸ்டீலில் பெரும்பாலும் ஒரு கழுத்துக்குப் பத்துத் தந்திகள். இடக்கையில் எஃகுத் தண்டு, வலக்கை விரல்களில் உலோக நகங்கள், இடப்பாதம் மிதிகளின்மேல், முழங்கால்களுக்கு இருபுறமும் நெம்புகோல்கள். எஞ்சியிருப்பது வலப்பாதம். அதன்கீழ் இருப்பது வால்யூம் பெடல். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது ஏதோ துணைக்கருவி என்று தோன்றும். உண்மையில் இந்த வாத்தியத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. மீட்டிய தந்தியின் ஒலி அக்கணத்திலிருந்தே தேயத் தொடங்குகிறது. பெடல் பாதி அழுந்திய நிலையில் மீட்டி, ஒலி தேயத் தேயப் பாதத்தை மெல்ல அழுத்திக்கொண்டே போனால், சுரம் தேயாமல் நிற்பதாகவோ வளர்வதாகவோ காதுக்குத் தோன்றும். நம் சங்கீதத்தில் கார்வை என்போமே, அந்தக் கார்வையை இங்கே பாதம் உண்டாக்குகிறது. ஒரு கலைஞரை இன்னொருவரிலிருந்து பிரித்தறியக் காது பற்றிக்கொள்ளும் அடையாளங்களில் ஒன்று, அவர் பாதம் வரையும் இந்த வளைகோடு.

சாதாரண கிதாரின் கதை வேறு. அங்கே கார்வையை ஆம்ப்ளிஃபையர் தருகிறது. வால்வு ஆம்ப்ளிஃபையரை அதன் தாங்குதிறனுக்கு மேல் முடுக்கினால் ஒலி உடைந்து கரகரக்கிறது. உடையும்போது உரத்த பகுதி அமுங்கி, மெலிந்த பகுதி மேலெழுந்து, சுரம் நீண்டு நிற்கிறது. ப்ளூஸும் ராக்கும் இந்தக் கரகரப்பையே அழகாக்கிக் காட்டின. அந்த மரபிலிருந்து ஒரு பக்தி பிறந்தது: வால்வு உயர்ந்தது, டிரான்சிஸ்டர் தாழ்ந்தது, பழையது உயர்ந்தது, புதியது தாழ்ந்தது, எளிதில் உடையும் சிறிய ஆம்ப்ளிஃபையருக்கு 'ஆன்மா' உண்டு, உடையாத பெரியதற்கு அது இல்லை. அந்த வாத்தியத்துக்கு இதில் நியாயம் இருக்கலாம். ஆனால் பெடல் ஸ்டீலில், பாதம் கவனமாக வரைந்த கோட்டை ஆம்ப்ளிஃபையர் தன் இஷ்டப்படி அமுக்கித் தட்டையாக்கிவிடுகிறது. கலைஞர் செய்ய வேண்டிய வேலையைக் கருவி செய்துவிடுகிறது; அதுவும் எல்லாருக்கும் ஒரே மாதிரியாக.

இரண்டாவது காரணம் இசையின் உள்ளிருந்தே வருவது. ஒலி உடையும்போது, ஒன்றாக ஒலிக்கும் இரு சுரங்களின் அதிர்வெண்களின் கூட்டுத்தொகையும் வித்தியாசமும் புதிய சுரங்களாகப் பிறக்கின்றன. ஈ9 என்ற சுருதி அமைப்பில் நான்காம் தந்தி ஏறத்தாழ 330 ஹெர்ட்ஸ், மூன்றாம் தந்தி 415 ஹெர்ட்ஸ். இரண்டையும் சேர்த்து மீட்டி ஒரு மிதியை அழுத்தினால் நான்காம் தந்தி அப்படியே நிற்க, மூன்றாவது 440க்கு ஏறுகிறது. இந்த வாத்தியத்தின் முத்திரை என்று சொல்லத்தக்க அசைவு இது. தூய்மையான ஆம்ப்ளிஃபையரில் ஒரு சுரம் நிற்பதும் ஒரு சுரம் ஏறுவதும் தெளிவாகக் கேட்கும். உடைந்த ஆம்ப்ளிஃபையரில், யாரும் மீட்டாத ஒரு நிழற்சுரம் 85இலிருந்து 110க்கு அடியில் ஊர்ந்து செல்லும். மூன்று நான்கு தந்திகளைச் சேர்த்து மீட்டினாலோ ஒவ்வோர் இணைக்கும் ஒரு நிழல். எது நின்றது, எது நகர்ந்தது என்ற வித்தியாசமே கலங்கிப்போகிறது. அந்த வித்தியாசத்துக்காகத்தானே மிதிகளைக் கண்டுபிடித்தார்கள்!

ஆகவே பெடல் ஸ்டீலுக்கு முதல் தேவை கையிருப்பு. ஒலிப்பதிவுக்காரர்கள் 'ஹெட்ரூம்' என்று சொல்வது இதைத்தான். இங்கே ஒரு சிறு கணக்கு உதவும். ஆம்ப்ளிஃபையரின் வாட் இருமடங்கானால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடுகிறது. காதுக்கு ஏறத்தாழ இருமடங்கு உரப்பாகத் தோன்ற 10 டெசிபல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். சராசரியாக 10 வாட்டில் ஒலிக்கும் வாசிப்பில், உலோக நகம் தந்தியைத் தட்டும் கணம் சராசரிக்கு 10 டெசிபல் மேலே எழுந்தால் அந்தக் கணத்துக்கு 100 வாட் தேவை. பாதம் முழுதும் அழுந்தியிருக்கும்போதே அடுத்த மீட்டல் வந்துவிட்டால் தேவை இன்னும் கூடும். 200 வாட் ஆம்ப்ளிஃபையரை வைத்துக்கொண்டு சன்னமாக வாசிப்பவரைப் பார்த்து, இது வீண் ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை யோசிக்க வேண்டும்.

வரலாறும் இதையே சொல்கிறது. 1963இல் வெளிவந்த ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப், சுமார் 85 வாட் திறனும் இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்களும் கொண்ட வால்வு ஆம்ப்ளிஃபையர். ஸ்டீல் கலைஞர்கள் அதை விரும்பியது அது வால்வு என்பதற்காக அன்று. அக்காலத்தில் கிடைத்தவற்றுள் எளிதில் உடையாதது என்பதற்காகவே. மிசிசிப்பி மாநிலத்தின் மெரிடியன் நகரில் 1965இல் ஹார்ட்லி பீவி தொடங்கிய நிறுவனம், 1970களில் 'செஷன் 400' என்ற டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரை 200 வாட் திறனோடும் ஒற்றை 15 அங்குல ஸ்பீக்கரோடும் கொண்டுவந்தபோது ஸ்டீல் கலைஞர்கள் பெருமளவில் அதற்கு மாறினார்கள். அதன் வாரிசான 'நாஷ்வில் 400' பல ஆண்டுகள் கன்ட்ரி மேடைகளில் நிலையான காட்சியாக இருந்தது. தொழில்முறைக் கலைஞர்கள், இரவுதோறும் மேடையேறியவர்கள், காதால் தேர்ந்தெடுத்தவை இவை. இவற்றை இன்று 'வெறும் டிரான்சிஸ்டர்' என்று ஒதுக்கிவிட்டு, பல மடங்கு விலை கொடுத்து எளிதில் உடையும் பழைய வால்வுப் பெட்டியைத் தேடுவது, ருசி பார்க்காமல் பாத்திரத்தைப் பார்த்துச் சமையலை மதிப்பிடுவது போன்றது.

வாட்டைக் காட்டிலும் ஸ்பீக்கர் முக்கியம் என்றுகூடச் சொல்லலாம். ஜாஸ் சாயலுள்ள சி6 சுருதி அமைப்பில் ஆகக் கீழான தந்தி ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸ். சாதாரண கிதாரின் கீழ்த்தந்தியோ 82 ஹெர்ட்ஸ். அந்தக் கீழ்ச்சுரத்தைத் தடுமாறாமல் சொல்லப் பெரிய கூம்பு துணைசெய்கிறது. ஜேபிஎல் டி130 போன்ற 15 அங்குல ஸ்பீக்கர்கள் ஸ்டீல் கலைஞர்களிடையே பெயர் பெற்றதற்கு இது ஒரு காரணம். ஈ9 மட்டும் வாசிப்பவருக்கு நல்ல 12 அங்குல ஸ்பீக்கர் போதும். அடுத்து நடுத்தர அதிர்வெண்கள். 800 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் இந்த வாத்தியம் மூக்கால் பேசுவது போல ஒலிக்கும். அந்த இடத்தைத் தேடிப் பிடித்துக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று பார்ப்பது, பெட்டியின் மேலுறை நிறத்தைப் பார்ப்பதைவிடப் பயனுள்ளது. அவ்வாறே ஆம்ப்ளிஃபையரைத் தரையில் வைத்துவிட்டு அதன் முன்னால் அமர்ந்து வாசித்தால் ஒலி முழங்காலுக்குத்தான் நேராக வரும். பெரிய ஸ்பீக்கர்கள் உச்ச அதிர்வெண்களை நேர்கோட்டில் மட்டுமே பாய்ச்சுபவை. வாசிப்பவர் காதுக்கு மந்தமாகத் தோன்ற, அவர் கூர்மையைத் திருகி ஏற்றிவைக்க, எதிரில் இருப்பவர்களின் காதில் ஊசி குத்தும். பெட்டியைச் சற்றுச் சாய்த்து வைத்தாலே தீரக்கூடிய குறைக்குப் புதிய ஆம்ப்ளிஃபையர் தேடி அலைவதில் பொருளில்லை.

'ஒலி கையில்தான் இருக்கிறது, கருவியில் இல்லை' என்பது இந்த வாத்தியக்காரர்களிடையே அடிக்கடி கேட்கும் வாசகம். இதில் உண்மை உண்டு. தண்டின் அழுத்தமும் நகம் தொடும் இடமும் ஒலியைத் தீர்மானிக்கின்றன. ஆனால் கை சொன்னதை முழுமையாகக் கொண்டுசேர்க்கும் கருவி இருந்தால்தான் கையின் பெருமை வெளிப்படும். மோசமான மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு மூல ஆசிரியரின் நடையைப் பாராட்டவோ பழிக்கவோ முடியுமா? அதனால் 'எல்லாம் கையில்' என்னும் துறவையும் 'எல்லாம் வால்வில்' என்னும் பக்தியையும் நாம் ஒன்றாகவே ஒதுக்குகிறோம். இரண்டுமே கேட்கும் உழைப்பைத் தவிர்க்கும் வழிகள்.

அப்படியானால் தூய்மையே சட்டமா என்ற கேள்வி எழும். ஃபிளையிங் பரிட்டோ பிரதர்ஸ் குழுவின் 1969ஆம் ஆண்டுத் தொகுப்பில் ஸ்னீக்கி பீட் கிளைனோ ஸ்டீலை ஃபஸ் கருவியின் வழியே செலுத்திக் கரகரக்க வைத்தார். ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் 'ஹவுஸ் ஆஃப் காட்' தேவாலயங்களில் ஸ்டீல், வழிபாட்டின் ஆவேசத்தோடு கூடவே அலறும். அந்த மரபிலிருந்து வந்தவர் ராபர்ட் ராண்டால்ஃப். 2025இல் மறைந்த சூசன் ஆல்கார்ன் இந்த வாத்தியத்தைக் கன்ட்ரியின் எல்லைக்கு வெகு அப்பால், தன்னியல்பு இசையின் உலகுக்குக் கொண்டுபோனார். இவை எவையும் குற்றமல்ல, வாத்தியத்தின் விரிவுகள். நம் வாதம் எளியது: வெள்ளைத் துணிக்கு வேண்டிய சாயத்தை ஏற்றிக்கொள்ளலாம், சாயமேறிய துணியை வெளுத்தெடுப்பது அரிது. உடையாத ஆம்ப்ளிஃபையரின் முன்னால் ஒரு சிறு கருவியை வைத்து வேண்டும்போது உடைத்துக்கொள்ள முடியும். தானாக உடையும் ஆம்ப்ளிஃபையரிடம் இன்று மட்டும் உடையாதே என்று கேட்க முடியாது. தேர்வு கலைஞரிடம் இருக்க வேண்டும், பெட்டியிடம் அல்ல.

இதுவரை சொன்னது மேடைக்கு. ஒலிப்பதிவு வேறு விவகாரம். இரண்டுக்கும் ஒரே பெட்டி வேண்டும் என்ற பிடிவாதமே பல ஏமாற்றங்களுக்குக் காரணம். மேடையில் டிரம்ஸைத் தாண்டி ஒலிக்க வேண்டும். பதிவறையிலோ மைக் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. ஷுவர் எஸ்எம்57 போன்ற எளிய மைக்கும், உடையும் எல்லையைத் தொடாமல் தணிவாக வைக்கப்பட்ட சிறிய ஆம்ப்ளிஃபையரும் அங்கே தாராளமாகப் போதும். மைக்கைக் கூம்பின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி இரண்டு விரற்கடை நகர்த்துவதால் ஏற்படும் மாற்றம், ஆம்ப்ளிஃபையரையே மாற்றியதற்குச் சமமாக இருக்கக்கூடும். கூடவே வாத்தியத்தின் சமிக்ஞையை டி.ஐ. பெட்டி வழியே பிரித்து நேரடியாகவும் பதிந்துவைப்பது நல்லது. பின்னாளில் மனம் மாறினால், கெடாத மூலம் கையில் இருக்கும்; அதை வேறோர் ஆம்ப்ளிஃபையருக்குள் செலுத்தி மறுபடி பதிந்துகொள்ளலாம். எதிரொலியையும் அவ்வாறே பின்னர் சேர்த்துக்கொள்வது உத்தமம். பதிவிலேயே கலந்த எதிரொலியைப் பிரித்தெடுக்க வழியில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஃபிளெட்ச்சரும் மன்சனும் 1933இல் வெளியிட்ட ஆய்வு, ஒலி தணிந்திருக்கும்போது காது கீழ் அதிர்வெண்களையும் உச்ச அதிர்வெண்களையும் குறைவாகவே உணர்கிறது என்று காட்டியது. கடையிலோ வீட்டிலோ சன்னமாக வாசித்துப் பார்த்து 'கணீரென்று இருக்கிறது' என்று தேர்ந்தெடுத்த அமைப்பு, மேடையில் அதிர்ந்தும் கூர்ந்தும் ஒலிப்பது அதனால்தான். எந்த உரப்பில் வாசிக்கப்போகிறோமோ அந்த உரப்பில் கேட்டே தீர்மானிக்க வேண்டும்.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ட்வின் ரிவெர்பின் மறுவெளியீடு சுமார் 29 கிலோ. இரண்டு கழுத்துள்ள ஸ்டீலும் அதன் பெட்டியும் சேர்ந்தால் அதுவும் தூக்கிச் சுமப்பதற்கு எளிதல்ல. வயதும் முதுகும் இடம் தராத காலத்தில், ஆம்ப்ளிஃபையரின் எடையே ஒரு கலைஞரை மேடையிலிருந்து விலக்கிவிடக்கூடும். 'கிளாஸ் டி' என்னும் மின்சுற்று முறை வந்த பிறகு 100, 200 வாட் திறனைச் சில கிலோ எடையில் அடக்க முடிகிறது. பெடல் ஸ்டீல் வாசிப்பவரான டிம் மார்கஸ் சான்ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய மில்க்மேன் நிறுவனமும், பாட் குவில்ட்டரின் நிறுவனமும் இவ்வழியில் ஸ்டீலுக்கு ஏற்ற ஆம்ப்ளிஃபையர்களைச் செய்திருக்கின்றன. இவற்றை மரபுக்கு எதிரானவை என்று முகம் சுளிப்பவர்கள், செஷன் 400உம் ஒரு காலத்தில் புதுமையாகத்தான் இருந்தது என்பதை நினைவில் கொள்ளட்டும். ஒருவர் எழுபது வயதிலும் மேடையேற இவை உதவுமானால், மரபைக் காப்பாற்றுபவை இவையே.

கையில் அளவான பணம் உள்ள ஒருவருக்கு நம் பரிந்துரை இதுதான். முதலில், மிதியை விட்டதும் சுருதி பிசகாமல் திரும்பும் நல்ல வாத்தியம். அடுத்து, கரகரக்காத வால்யூம் பெடல். அடுத்து, பயன்படுத்தப்பட்டதாயினும் பழுதற்ற, 100 வாட்டுக்குக் குறையாத, நல்ல ஸ்பீக்கர் கொண்ட ஆம்ப்ளிஃபையர்; சிறு அரங்குகளோடு நிறுத்திக்கொள்பவருக்கு பீவியின் 80 வாட் 'நாஷ்வில் 112' போன்ற ஒன்றே போதும். அது வால்வா டிரான்சிஸ்டரா, எந்த ஆண்டுத் தயாரிப்பு, யார் வைத்திருந்தது என்ற கேள்விகள் கடைசியில் வரட்டும். வாங்குமுன் ஒரே ஒரு சோதனை: இரு தந்திகளைச் சேர்த்து மீட்டி, ஒரு மிதியை மெல்ல அழுத்தி, ஒலி தேயத் தேய வலப்பாதத்தை அழுத்திக்கொண்டே போக வேண்டும். நின்ற சுரம் நின்றதாகவும், நகர்ந்த சுரம் நகர்ந்ததாகவும், பாதம் நினைத்த இடத்தில் ஒலி முடிவதாகவும் கேட்டால், அந்தப் பெட்டியை நம்பி வாங்கலாம்.